புத்தளக் கரையோரத்தில் காத்திருந்த செய்திகள்: ஓலை முதல் குரலஞ்சல் வரை

இலங்கையின் மேற்குக் கரையில், தெற்கே மா ஓயாவின் முகத்துவாரத்திலிருந்து வடக்கே வில்பத்துக் காட்டின் ஓரம் வரை நீண்டு கிடப்பது புத்தளம் மாவட்டத்தின் கரையோரம். வென்னப்புவ, மாரவில, சிலாபம், உடப்பு, முந்தல், பாலாவி, புத்தளம் என ஊர்கள் தொடர, மேற்கே கடனீரேரியைத் தழுவியவாறு கற்பிட்டித் தீபகற்பம் வடக்கு நோக்கிச் செல்கின்றது. தென்னை, மீன், உப்பு ஆகிய மூன்றும் இக்கரையோரத்தின் பழைய செல்வங்கள். பிற்காலத்திலே சீமெந்து ஆலையும், 1980களில் இறால் வளர்ப்பும், 2011 முதல் நுரைச்சோலையில் நிலக்கரி மின்நிலையமும் வந்து சேர்ந்தன. இவை யாவற்றுக்கும் பொதுவான இயல்பொன்று உண்டு. இங்குத் தொழில் செய்பவர் பெரும்பாலும் மேசையருகே இருப்பவர் அல்லர். உப்பளத்தின் மேற்பார்வையாளர் பாத்திகளின் வரம்பிலே நிற்பார். கரைவலைச் சம்மாட்டி கடற்கரையிலே நிற்பார். இறாற்பண்ணைக்குப் பொறுப்பானவர் குளக்கட்டிலே நிற்பார். அவரைத் தேடி வரும் செய்தியோ கந்தோருக்கு வரும்.

உரியவர் இல்லாத வேளையில் வந்த செய்தி எங்கே தங்கியது, யார் அதனைக் காத்தார், எம்மொழியில் அது எழுதப்பட்டது, இறுதியில் உரியவர் கையில் என்ன வடிவிற் போய்ச் சேர்ந்தது என்பன வரலாற்று மாணவர் பெரிதும் கேட்காத வினாக்கள். செய்தி அனுப்பும் கருவிகளின் வரலாறு பலரால் எழுதப்பட்டுள்ளது. செய்தி காத்துக் கிடந்த இடங்களின் வரலாறு அவ்வாறு எழுதப்படவில்லை. அலுவலகத் தொலைபேசிக்கு வந்த குரற்செய்தியை வெளியூரிலிருந்து இன்னொரு தொலைபேசி மூலம் கேட்டறியும் 'வொய்ஸ் மெயில்' எனப்படும் குரலஞ்சல் முறை அவ்வரலாற்றின் அண்மைக்கால அத்தியாயமாகும். அதன் பொருளை உணர்வதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டியுள்ளது.

1344ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டுப் பயணி இபுனு பதூதா இக்கரையில் வந்திறங்கினார். அவர் 'பத்தாலா' எனக் குறிப்பிடும் இடம் புத்தளமே என்பது அறிஞர் பலரின் கருத்து. அங்கு அவரை வரவேற்ற ஆரியச்சக்கரவர்த்தி பாரசீக மொழியை விளங்கிக்கொள்ளக் கூடியவராயிருந்தார் என்பது அவரது குறிப்பாற் புலனாகின்றது. அந்நிய வணிகரோடு இடையாள் இன்றிப் பேசவல்ல மன்னன் ஒருவனைக் கண்டதே பயணியின் வியப்புக்குக் காரணமாயிற்று எனலாம். ஏனெனில், அக்காலத்தும் பிற்காலத்தும் இக்கரையோரத்தில் ஒருவர் சொல் இன்னொருவர் செவிக்குப் போய்ச் சேர்வதற்கு நடுவே ஒருவர் நிற்பதே வழக்கமாயிருந்தது.

ஒல்லாந்தர் ஆட்சியில் அந்நடுநிலையாளரின் இடம் உறுதிபெற்றது. 1667ஆம் ஆண்டு தொடங்கி 1676 வரை கற்பிட்டியில் அவர்கள் கட்டிய கோட்டை, கடனீரேரியின் வாயிலைக் காத்து நின்றது. கண்டி இராச்சியத்துக்கு உப்பு வேண்டும். புத்தளத்து உப்பு மலைநாட்டுக்குச் சென்றாக வேண்டும். அவ்வழியைத் தம் கைக்குள் வைத்திருப்பதே ஒல்லாந்தரின் நோக்கம். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமாகி, உப்புச் சேகரிக்கும் உரிமை மட்டுமே கண்டியாருக்கு எஞ்சியது. இத்தகைய ஆட்சிக்குக் கட்டளைகள் இடைவிடாது ஓட வேண்டியிருந்தன. ஊர்த் தலைவர்களுக்கு ஓலையிலே கட்டளை சென்றது. ஓலையைக் கொண்டுசென்றவன் அதனை வாசிக்க அறியாதவன். வாசித்தவன் அதன் மூலமொழியை அறியாதவன். மொழிபெயர்ப்போனே இருபுறமும் அறிந்தவன். ஆதலால் அவனே ஆற்றல் மிக்கவனானான்.

ஒரு சொல்லை இங்குக் கவனித்தல் தகும். இலங்கைத் தமிழில் அலுவலகத்தைக் குறிக்கும் 'கந்தோர்' என்ற சொல் ஒல்லாந்த மொழியின் 'கந்தோர்' என்பதன் வழிவந்தது. ஓலை தங்கும் இடத்துக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர், அவர்கள் 1795இற் கற்பிட்டியைப் பிரித்தானியரிடம் இழந்த பின்னும் மக்கள் வாயிலே நிலைத்துவிட்டது. கச்சேரி, தபால் ஆகிய சொற்கள் பிரித்தானியர் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்தவை. ஒரு கரையோரத்தின் அலுவலகச் சொற்களை அடுக்கிவைத்தால் அதன் ஆட்சியாளரின் வரிசை தானே வெளிப்பட்டுவிடும்.

பிரித்தானியர் காலத்திலே அந்நடுநிலையாளர் வகுப்பிலிருந்து எழுந்த பேரறிஞர் சைமன் காசிச்செட்டி. 1807இற் கற்பிட்டியிற் பிறந்த இவர், அரசாங்க சேவையிற் புகுந்து, மணியகாரராகவும், 1838 முதல் 1845 வரை சட்டநிரூபண சபையின் உறுப்பினராகவும், பின்னர் நீதிபதியாகவும் விளங்கி 1860இல் மறைந்தார். 1834இல் இவர் வெளியிட்ட இலங்கைக் கெசற்றியர் என்னும் இடவிளக்க அகராதியும், 1859இல் வெளிவந்த தமிழ்ப் புளூராக் என்னும் புலவர் வரலாறும் ஆங்கிலத்திலே எழுதப்பட்டவை. கற்பிட்டியில் இருந்துகொண்டு தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலேயரும் அறியும் வண்ணம் எழுதிய இவரது பணியை, செய்தி ஒன்றை ஒரு மொழியாரிடமிருந்து இன்னொரு மொழியாருக்குக் கடத்திய பணியாகவும் கொள்ளலாம். அவர் காலத்து உத்தியோகத்தர் பலர் இதனையே நாளாந்தம் செய்தனர். ஆனால் அவர்கள் கடத்தியவை மனுக்களும் முறைப்பாடுகளும். அவர்களின் பெயர்களோ நூல்களில் இல்லை.

புத்தளம் கச்சேரியின் உதவி அரசாங்க அதிபர் ஆண்டின் பல நாட்களைச் சுற்றுப்பயணத்திற் கழிப்பார். அவர் இல்லாத வேளையில் வந்த மனுவை முதலியார் வாங்கி வைப்பார். எழுதுவினைஞர் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். அதிபர் திரும்பியதும் அவர் முன் வைக்கப்படும். முன் வைக்கப்படுவது மனுவா, மனுவைப் பற்றிய முதலியாரின் விளக்கமா என்பதே கேள்வி. மனுதாரன் கச்சேரி வாயிலிற் சொன்ன சொல்லுக்கும் அதிபரின் செவியில் விழுந்த சொல்லுக்கும் இடையில் எத்தனையோ கைகள் இருந்தன. அவற்றுட் சில வெறுங்கையாக இருந்ததில்லை என்பதையும் குடியேற்றக் கால ஆட்சியின் வரலாறு காட்டுகின்றது.

நாட்டின் முதலாவது தந்தித் தொடர்பு 1858இற் கொழும்புக்கும் காலிக்கும் இடையே நிறுவப்பட்டது. முந்திய ஆண்டிலேயே, 1857 ஏப்ரல் முதலாந் திகதி, இலங்கையின் முதல் முத்திரை வெளியாகியிருந்தது. புகையிரதப் பாதை சிலாபத்தை 1916இலும் புத்தளத்தை 1926இலும் வந்தடைந்தது. இவை யாவும் செய்தியின் வேகத்தைக் கூட்டின. ஆயினும் செய்தி வந்து தங்கும் முறையில் மாற்றம் சிறிதே. தந்தி சொற்கணக்கிற் கட்டணம் அறவிடப்படுவதாதலால் செய்தி சுருங்கியது. சுருங்கிய செய்தியை ஆங்கிலம் அறிந்த ஒருவர் விரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. தந்திச் சேவகனின் சைக்கிள் வீட்டு வாயிலில் நின்றதும் அழுகை தொடங்கிவிடும் என்பது தமிழ்ப் பகுதிகள் அனைத்திலும் வழங்கிய அனுபவம். உறையைப் பிரித்து வாசிக்க ஆள் வரும்வரை அது சாவுச் செய்தியாகவே கருதப்பட்டது.

கொழும்பில் 1880இல் தோன்றிய தொலைபேசிச் சேவை, 1896இல் அஞ்சல் திணைக்களத்தின் பொறுப்பில் வந்தது. தொலைபேசி நடுநிலையாளரை நீக்கிவிடும் என முதற்பார்வையிற் தோன்றும். ஒருவர் வாயும் இன்னொருவர் செவியும் நேரே இணைந்துவிடுகின்றன அல்லவா? நடைமுறை வேறாயிருந்தது. 'ட்ரங்க் கோல்' எனப்பட்ட தூர அழைப்பை நிலையத்தின் இணைப்பாளரே கொடுப்பார். மறுமுனையில் உரியவர் இல்லையேல் என் செய்வது என்ற சிக்கலுக்குப் பிரித்தானிய மரபைப் பின்பற்றிய தொலைபேசிச் சேவைகள் கண்ட வழி, குறித்த ஆளின் பெயரைச் சொல்லிப் பதிவுசெய்யும் அழைப்பு முறையாகும். அந்த ஆள் வந்து பேசினாற்றான் உரையாடலுக்குரிய முழுக்கட்டணம். தொலைபேசியின் பெருங்குறை உரியவர் இல்லாமையே என்பதை அதன் கட்டண விதியே ஒப்புக்கொண்டிருந்தது.

அலுவலகங்களிலே இக்குறையை நிரப்பியது செய்திப் புத்தகம். தொலைபேசி மேசையில் ஒரு கொப்பி, நூலிற் கட்டிய பென்சில், அருகில் ஓர் எழுதுவினைஞர் அல்லது சிற்றூழியர். கொழும்பிலிருந்து அழைத்தவர் யார், எப்போது, என்ன கூறினார் என்று அவர் எழுதிவைப்பார். இவ்விடத்தில் மொழிப்பிரச்சினை மீண்டும் தலைகாட்டியது. புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் சிங்களம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் கலந்து வாழ்கின்றனர்; கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் இந்துக்களும் பௌத்தரும் அடுத்தடுத்த ஊர்களில் உள்ளனர். 1956இன் அரசகரும மொழிச் சட்டத்தின் பின், கொழும்பு அலுவலகம் ஒன்றிலிருந்து சிங்களத்திற் கூறப்பட்ட செய்தியை ஆங்கிலத்திற் குறித்து, அதனைத் தமிழ்பேசும் மேற்பார்வையாளருக்கு வாய்மொழியாற் சொல்வது இங்கு எதிர்பார்க்கத்தக்க நிகழ்ச்சியே. 'நாளை அனுப்பவும்' என்பதும் 'நாளைக்கு முன் அனுப்பவும்' என்பதும் ஒன்றல்ல. உப்பளத்தில் மழைக்கு முந்திய ஒரு நாளின் பெறுமதியை அறிந்தவர்க்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

இனிக் குரலைச் சேமித்துவைக்கும் கருவியின் பிறப்பை நோக்கலாம். டென்மார்க்கைச் சேர்ந்த வல்டெமார் பவுல்சன் என்னும் தொலைபேசிப் பொறியியலாளர், 1898இல் 'ரெலிகிராபோன்' என்ற கருவிக்குக் காப்புரிமை கோரினார். உருக்குக் கம்பியொன்றை மின்காந்தத்தின் அருகாக ஓடச்செய்து, குரலின் ஏற்ற இறக்கங்களைக் காந்த ஏற்ற இறக்கங்களாக அக்கம்பியிற் பதிப்பது அதன் தத்துவம். பின்னாளில் வந்த நாடாப் பதிவுக் கருவிகளுக்கெல்லாம் இதுவே மூலம். தொலைபேசிக்கு உரியவர் இல்லாத வேளையிற் செய்தியைப் பதிந்துவைப்பதே கண்டுபிடிப்பாளரின் நோக்கமாயிருந்தது என்பது சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. 1900ஆம் ஆண்டின் பாரிஸ் கண்காட்சியில் ஒஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் அக்கருவியிற் பேசிய சில சொற்கள் இன்றும் பேணப்படுகின்றன.

நோக்கம் 1898இலே தெளிவாகியிருந்தும், கருவி அலுவலக மேசைக்கு வந்துசேர ஏறத்தாழ எண்பதாண்டுகள் சென்றன. தொழில்நுட்பக் குறைபாடு மட்டுமே இதற்குக் காரணமன்று. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கிளாரன்ஸ் ஹிக்மன் 1930களிலேயே காந்தப் பதிவினால் இயங்கும் பதிற்கருவியை அமைத்துக் காட்டினார். ஏகபோக உரிமை பெற்றிருந்த தொலைபேசி நிறுவனமோ அதனை வெளியிட விரும்பவில்லை. பேச்சுப் பதிவாகும் என்ற அச்சம் பிறந்தால் மக்கள் தொலைபேசியையே தவிர்ப்பர் என அது கருதியது. வணிகர் தம் பேரத்தையும் மற்றையோர் தம் இரகசியத்தையும் தொலைபேசியில் நம்பிச் சொல்வதற்கு, சொன்னது காற்றோடு போய்விடும் என்ற உறுதியே அடிப்படை என்பது அதன் கணிப்பு. புதுப்பொருள் எப்போது மக்களை அடைகின்றது என்பது கண்டுபிடிப்பாளன் கையில் மட்டும் இல்லை என்பதற்கு இஃது ஒரு நல்ல சான்று.

வெளியிலிருந்து செய்தியைக் கேட்டறிவதற்கு இன்னொரு தடையும் நீங்க வேண்டியிருந்தது. வட்டத் தகட்டைச் சுழற்றும் பழைய தொலைபேசியில், ஐந்தாம் இலக்கத்தைச் சுழற்றினால் கம்பியிலோடும் மின்னோட்டம் ஐந்து முறை அறுபட்டு இணையும். நிலையத்துக் கருவி அத்துடிப்புகளை எண்ணி அழைப்பை வழிப்படுத்தும். துடிப்புகளின் பணி நிலையத்தோடு முடிந்துவிடும். மறுமுனைக்கு அவை கட்டளையாகச் செல்லா. ஆகவே இணைப்புக் கிடைத்த பின், தூரத்திலுள்ள பொறியொன்றுக்கு 'முதற் செய்தியைச் சொல்', 'அதனை அழித்துவிடு' என ஆணையிட வழியில்லை. பழைய பதிற்கருவிகள் சிலவற்றோடு, வாய்க்குழலருகே பிடித்து ஒலியெழுப்பச் சட்டைப்பையிற் கொண்டுசெல்லும் சிறு கருவியொன்றும் கொடுக்கப்பட்டது இதனாலேயே.

1963 நவம்பரில் அமெரிக்காவில் அறிமுகமான பொத்தான் தொலைபேசி இத்தடையை நீக்கிற்று. அதில் ஒவ்வொரு பொத்தானும் ஒரே வேளையில் இரு சுரங்களை எழுப்பும். ஐந்தாம் பொத்தானை அழுத்தினால் 770 ஹேட்ஸ், 1336 ஹேட்ஸ் என்னும் இரு அதிர்வெண்கள் சேர்ந்தொலிக்கும். மனிதக் குரல் தற்செயலாக இவ்விணையை எழுப்புதல் அரிது என்பதனால், பேச்சையும் கட்டளையையும் பொறி பிரித்தறிய முடிந்தது. இச்சுரங்கள் குரல் செல்லும் வழியாகவே செல்வன. ஆதலாற் கடல் கடந்தும் போய்ச் சேரும். நட்சத்திரக் குறியும் சதுரக் குறியும் கொண்ட இரு பொத்தான்கள் 1968 அளவிற் சேர்க்கப்பட்டன. கட்டளைகளைத் தொடங்கவும் முடிக்கவும் பிற்காலத்தில் அவை பெரிதும் பயன்பட்டன.

ஐ.பி.எம். நிறுவனத்தில் ஸ்ரீபன் போயிஸ் தலைமையில் 1973இல் தொடங்கிய ஆய்வு, குரலை இலக்கங்களாக மாற்றிக் கணினியிற் சேமித்துக் கையாளும் முறையை உருவாக்கிற்று. தொலைபேசித் தரத்திலான குரலை ஒரு செக்கனுக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எட்டுப் பிற்றுகளாற் குறித்தால், ஒரு நிமிடப் பேச்சு 4,80,000 பைற்றுகளைக் கொள்ளும். சுருக்கும் முறைகளால் இதனைக் குறைக்கலாம். இதே முறையின் வழிவந்த செய்தித் தொகுதியொன்று 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் விளையாட்டுக்களிற் பயன்பட்டது. உலகின் எப்பகுதியிலிருந்தும் குடும்பத்தினர் வீரர்களுக்குக் குரற்செய்தி விட்டுவைக்கலாம். வீரர்கள் ஓய்வான வேளையிற் கேட்கலாம். பன்னிரு மொழிகளில் அது வழிகாட்டியது. வணிகத்துறையிலே கோர்டன் மத்தியூஸ் என்பவர் 1979இற் கோரி 1983இற் பெற்ற காப்புரிமையே குரலஞ்சலை அலுவலகங்களுக்குக் கொண்டுசென்றது.

அதன் தொழிற்பாடு எளியது. அலுவலகத்தின் ஒவ்வோர் உள்ளிணைப்பு இலக்கத்துக்கும் ஒரு குரற்பெட்டி ஒதுக்கப்படும். உரியவர் தொலைபேசியை எடுக்காவிடின், அவரது குரலிலேயே பதிந்துவைத்த வரவேற்புரை ஒலித்து, அழைத்தவர் தம் செய்தியைச் சொல்வார். உரியவர் வெளியிலிருந்து அழைத்து, வரவேற்புரையை இடைமறித்து, பெட்டியின் இலக்கத்தையும் தாம் மட்டும் அறிந்த இரகசிய இலக்கத்தையும் அழுத்தினால், எத்தனை புதிய செய்திகள், எப்போது வந்தவை எனப் பொறி கூறும். கேட்டபின் வைத்திருக்கலாம், அழிக்கலாம், இன்னோர் ஊழியரின் பெட்டிக்கு மாற்றலாம், அழைத்தவருக்கு மறுமொழியைப் பதியலாம். விடுமுறையிற் செல்வோர் வரவேற்புரையையும் அங்கிருந்தே மாற்றிவிடலாம். பழைய கச்சேரியின் முதலியாரும், எழுதுவினைஞரும், செய்திப் புத்தகமும், பென்சிலும் ஆகிய அனைத்தும் பன்னிரண்டு பொத்தான்களுள் அடங்கிவிட்டன. சொன்னவரின் சொல் சொன்னவரின் குரலிலேயே, அதன் கோபமும் தயக்கமும் கெடாமல், உரியவர் செவியை அடைந்தது. இக்கரையோரத்தின் பல நூற்றாண்டுச் செய்தி வரலாற்றில் இது சிறிய மாற்றமன்று.

இலங்கையில் இம்மாற்றம் சற்றுத் தாமதித்தே நிகழ்ந்தது. 1980இல் அஞ்சல் திணைக்களமும் தொலைத்தொடர்புத் திணைக்களமும் பிரிக்கப்பட்டன. 1991இற் பின்னது கூட்டுத்தாபனமாயிற்று. 1997இல் அதன் பங்குகளில் 35 வீதம் யப்பானிய நிறுவனமான என்.ரி.ரி.க்கு விற்கப்பட்டது. 1989இல் செல்ரெல் நிறுவனம் தெற்காசியாவின் முதலாவது செல்லிடத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. 1995இல் டயலொக் வந்தது. 1996இல் கம்பியில்லா இணைப்பு வழங்கும் இரு நிறுவனங்கள் உரிமம் பெற்றன. அதுவரை புதிய இணைப்புக்கு ஆண்டுக்கணக்கிற் காத்திருந்த மக்களுக்கு இது பெரும் விடுதலையே. ஆயினும் குரலஞ்சல் கொழும்பின் பெரிய நிறுவனங்களுக்கும் அவற்றின் வெளியூர்க் கிளைகளுக்குமே முதலில் உரியதாயிருந்தது. கரைவலைச் சம்மாட்டிக்கோ, உப்புக் குத்தகைக்காரருக்கோ குரற்பெட்டி இருந்ததில்லை. அவருக்குக் கடைக்காரரின் தொலைபேசியும் கடைப்பையனின் ஞாபகமுமே குரற்பெட்டி.

இவ்விடத்தில் அலுவலகத்தை விட்டு வெளியே வருதல் அவசியமாகின்றது. குரலைப் பதிந்து இல்லாதவருக்கு அனுப்பும் வழக்கத்தை இந்நாட்டின் எளிய மக்கள், எந்த நிறுவனமும் கற்பிக்காமலே, முன்னரே கைக்கொண்டிருந்தனர். 1977இன் பொருளாதாரக் கொள்கை மாற்றத்தின் பின் மத்திய கிழக்குக்குத் தொழில்தேடிச் சென்றோர் தொகை பெருகிற்று. 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் சட்டத்தால் நிறுவப்பட்டது. புத்தளம் மாவட்டத்திலிருந்து சென்றவர்களிற் பெண்கள் பலர். தெற்கே வென்னப்புவப் பகுதியினர் இத்தாலிக்குச் சென்றனர். கடிதம் எழுதத் தெரியாதவரும், எழுதினாலும் மனநிறைவு பெறாதவரும் ஒலிநாடாவிற் பேசி அனுப்பினர். ஊருக்கு வருபவர் கையில் அந்நாடா வந்துசேரும். வீட்டார் கூடியிருந்து கேட்பர். பின்னர் அதன் மறுபக்கத்திற் பிள்ளையின் மழலையையும் தாயின் அறிவுரையையும் பதிந்து அனுப்புவர். பவுல்சனின் கருவி எந்தத் தேவைக்காகப் பிறந்ததோ அத்தேவையை உண்மையாக நிறைவுசெய்தது இவ்வொலிநாடாவே என்று கூறுதல் மிகையாகாது. எழுத்தறிவுக்கும் செய்திக்கும் இடையே இருந்த நெடுங்கால விலங்கு இங்கே தளர்ந்தது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களிற் பெரும்பாலோர் தஞ்சம் புகுந்தது இக்கரையோரத்திலேயே. யாழ்ப்பாண நகரத்தாருக்கு அளிக்கப்பட்டது இரண்டு மணித்தியால அவகாசம். புத்தளம், கற்பிட்டி, நுரைச்சோலைப் பகுதிகளின் தென்னந்தோப்புகளிற் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. முகவரி என்பது ஒரே நாளில் அழிந்துபோன மக்கள் இவர்கள். ஊரிலுள்ள தமிழ் அயலாருக்கும் இவர்களுக்கும் இடையே அந்நாட்களில் தொலைபேசித் தொடர்பு இருக்கவில்லை. வெளிநாட்டிலிருந்த உறவினர் பழைய முகவரிக்கு எழுதிய கடிதம் எங்கே போய்த் தங்கியிருக்கும்? முகாமுக்கு அண்மையிலுள்ள கடையின் தொலைபேசி இலக்கமே பலருக்கு முகவரியாயிற்று. குறித்த நாளில், குறித்த வேளையில் கடை வாசலிற் காத்திருக்க வேண்டும். அழைப்பு அன்று வராவிடின், மறுநாள் வந்த அழைப்பைக் கடைக்காரர் கேட்டுச் சொல்ல வேண்டும். கொழும்பு நிறுவனங்களின் மேலாளர் இரகசிய இலக்கத்தை அழுத்தித் தம் செய்திகளைத் தனிமையிற் கேட்டறிந்த அதே பத்தாண்டில், தன் தந்தையின் மரணச் செய்தியைக் கடையில் நிற்கும் அனைவரோடும் சேர்ந்து அறிந்தவர்கள் இக்கரையோரத்தில் வாழ்ந்தனர். குரலஞ்சலின் வரலாற்றைப் பொத்தான்களின் வரலாறாக மட்டும் எழுதுவோர் இதனை நோக்குதல் வேண்டும்.

தனிமையும் முழுமையாகப் பாதுகாக்கப்பட்டதன்று. நிறுவனம் முதலிற் கொடுக்கும் பொது இலக்கத்தை மாற்றாமல் விட்டவரின் பெட்டியை எவரும் திறக்கலாம். இங்கிலாந்தின் 'நியூஸ் ஒவ் த வேள்ட்' இதழைச் சேர்ந்தோர் இவ்வாறு பிறரின் குரலஞ்சல்களைத் திருட்டுத்தனமாகக் கேட்டமை வெளிப்பட்டு, 2007இல் இருவர் சிறைத்தண்டனை பெற்றனர். 2011 ஜூலையில் அவ்விதழே மூடப்பட்டது. 1930களில் தொலைபேசி நிறுவனம் கொண்ட அச்சம் வேறொரு வடிவிற் பலித்தது எனலாம். மொழியைப் பொறுத்தவரையிலும் குறை இருந்தது. 1987இன் பதின்மூன்றாவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியானது. ஆயினும் ஆங்கிலத்தில் மட்டும் வழிகாட்டும் பொறிக்கு முன், ஆங்கிலம் அறியாத ஊழியர் மீண்டும் இன்னொருவரின் துணையை நாட வேண்டியவரே. அந்த அளவில் மொழிபெயர்ப்போன் கந்தோரை விட்டு முற்றாகப் போய்விடவில்லை.

குரலஞ்சலின் காலம் குறுகியதாயிற்று. செல்லிடத் தொலைபேசி உரியவரைத் தேடி உப்பளத்துக்கும் குளக்கட்டுக்கும் வந்துவிட்டது. எடுக்காத அழைப்பே ஒரு செய்தியாகி, செலவின்றி 'என்னை அழை' என்று பொருள் தந்தது. 2013இல் வட்ஸ்அப் செயலியிற் குரற்செய்தி வசதி வந்தபின், பேச்சை விட்டுவைத்தலும் கேட்டலும் எழுத்தறிவோ இரகசிய இலக்கமோ வேண்டாத செயலாயின. ஒலிநாடாவின் பழைய இன்பம் விரல் நுனியில் மீண்டது. அமெரிக்காவில் கொக்கா கோலா நிறுவனம் 2014 டிசம்பரில் தன் தலைமையலுவலகக் குரலஞ்சலை நிறுத்தியது. மறு ஆண்டில் ஜே.பி. மோர்கன் வங்கியும் ஒரு பகுதி ஊழியரளவில் அவ்வழியிற் சென்றது.

வரலாற்றாசிரியனுக்கு எஞ்சும் சான்றுகள் எவை என்பதிலேதான் இம்முறைகளின் வேறுபாடு கூர்மையாகத் தெரிகின்றது. மாவட்ட அதிபர்கள் எழுதிய நாட்குறிப்புகள் கொழும்பிலுள்ள தேசிய சுவடிக்கூடத்திற் பேணப்படுகின்றன. 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் அரச ஆவணங்களுக்கு அங்கு பாதுகாப்பளிக்கின்றது. காசிச்செட்டியின் கெசற்றியரை இன்றும் புரட்டலாம். முதலியார் திரித்தெழுதிய மனுவும், திரிபோடேனும், அட்டவணையில் ஓர் இலக்கத்தின்கீழ்க் கிடைக்கின்றது. குரற்பெட்டியோ நிறைந்ததும் புதிய செய்தியை ஏற்க மறுக்கும். ஆதலால் அதனை ஒழுங்காகப் பேணுவது என்பதே, கேட்டவற்றை அழிப்பது என்றாகிவிட்டது. விட்டுவைத்தவற்றையும் குறித்த நாட்கள் கழிந்தபின் தானே அழித்துவிடும் ஒழுங்கு பல தொகுதிகளில் உண்டு. வளைகுடாவிலிருந்து வந்த ஒலிநாடாக்களில் பலவும் மறுபக்கப் பதிவுக்காகத் திரும்ப அனுப்பப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியப்பட்டு, முதலிற் பேசியவரின் குரலை இழந்தன. எஞ்சியவை அலுமாரிகளின் அடித்தட்டில், உப்புக்காற்றிற் சுருங்கிக் கிடக்கின்றன. அவற்றை ஓட்டிக் கேட்பதற்கான கருவி அவ்வீடுகளிற் பெரும்பாலும் இன்றில்லை.